ஒன்பதாவது கொள்கை

இனி மென்பொருளை எப்படிச் சோதிப்பது என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கொள்கைகளை எழுத உட்கார்ந்திருந்தோம். நேர்மை, பொறுப்பு என்று எட்டு கம்பீரமாக முடிந்திருந்தன. எனக்கோ பசி உயிரை வாங்கியது.

ஒன்பதாவதைப் பூதக்கண்ணாடி சொன்னார். அவர் கண்ணுக்கு எந்தப் பிழையும் தப்பாது என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

“சோதிக்கிறவர் தன் சொந்த போன் நம்பரைப் போட்டுச் சோதிக்கக் கூடாது.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“இதெல்லாம் ஒரு கொள்கையா சார்?” என்றேன் எரிச்சலோடு.

“எழுதுங்கம்மா.”

“காரணம் கேப்பாங்களே?”

அவர் மேஜையைப் பார்த்தபடி பேசினார். “ஆம்புலன்ஸ் அனுப்புற மென்பொருளை நான்தான் சோதிச்சேன். எங்க வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தேன். அதுலேருந்து கூப்பிட்டா சோதனைன்னு எடுத்துக்கும், வண்டி கிளம்பாது. வேலை முடிஞ்சதும் நம்பரை நீக்க மறந்துட்டேன்.”

“அப்புறம்?”

“ஒருநாள் மத்தியானம் என் மனைவிக்கு நெஞ்சுவலி. வீட்ல தனியா இருந்தா. ஆம்புலன்ஸுக்கு மூணு தடவை கூப்பிட்டிருக்கா.”

சட்டைப்பையிலிருந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். மூன்று அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் நேராகக் கணினி பதிந்திருந்தது: ‘சோதனை வெற்றி.’