அடைக்கோழிக்குக் கிடைத்த வேலை

முட்டைகளை விட்டு நகர முடியாமல் பசியோடு அடைகாத்துக்கொண்டிருந்தது ஒரு கோழி. வேலியோரம் வந்த நரி, "உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வேலை இருக்கு. காவல் நாய் அசந்ததும் கொக்கரி, போதும். தினமும் சோளம் தர்றேன்" என்றது. எதற்கென்று கோழி கேட்கவில்லை. கொக்கரித்தது, வயிறாரத் தின்றது.

ஒருநாள் பக்கத்துக் குட்டை வாத்து அழுதுகொண்டே வந்தது. "அக்கா, பொரிஞ்ச குஞ்சுகளை நரி தூக்கிட்டுப் போயிடுச்சு. பொரியாத முட்டைகளையாவது உங்க சிறகுக்குள்ள வச்சுக் காப்பாத்துங்க. உங்களுக்கு வேண்டிய இரையை நான் கொண்டுவந்து தர்றேன்."

கோழிக்குச் சிறகு விரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "முட்டையைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, நாய் அசந்ததை நரிக்கு யார் சொன்னதுன்னு கேளு, தங்கச்சி" என்றது.