முப்பதாம் நாள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட என் பேத்தி, முப்பதாம் நாள் கிருமி அண்டாத கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தாள். சிரித்தே பழக்கமில்லாத அவளுடைய டாக்டர் முகமூடியைக் கழற்றினார்.

"மஜ்ஜை குடுத்தது உன் அக்கா. இனிமே அவகூட சண்டை போடக் கூடாது."

"நான் எங்க போடறேன் டாக்டர்? அவ மஜ்ஜைதான் எனக்குள்ள போடுது."

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் நர்ஸ்களே பயந்துபோனார்கள். பேத்தி ஓடிவந்து என் தோளில் தொற்றிக்கொண்டாள்.

"அப்புறம் தாத்தா?" என்றாள் பேத்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு.

"அப்புறம் என்ன, இறங்கவே மாட்டேன்னுட்டே."

மஜ்ஜை ஏற்றி இன்றோடு ஒன்பது நாள்தான் ஆகிறது.