மாப்பிள்ளையின் துவக்கு

"துவக்கு வைச்சிருக்கிற ஆளுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கேலாது!"

கந்தப்போடி கராஜ் வாசலிலேயே நின்று கத்தினார். வெக்ஸ்போர்டில் தன் வீட்டிலிருந்து காருக்குள் ஏறும்போது பிடித்த கோபம், ஸ்ரௌவ்வில் நகரத்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நன்றாக விளைந்திருந்தது.

சிவரூபன் எழும்பி நின்றான். அடுத்த மாதம் அவருடைய மகள் சுலக்சனாவுக்குத் தாலி கட்டப்போகிறவன். மேசையில், பழைய துவாய்த் துண்டின் மேல், அந்த நீட்டுத் துப்பாக்கி பாதி கழற்றியபடி கிடந்தது.

"உள்ள வாங்கோ அங்கிள். அன்ரி, நீங்களும்..."

"வரமாட்டம்! றிச்மண்ட் ஹில் கோயிலில சோத்துக்கு லைனில நிக்கேக்க ஒருத்தன் கேக்கிறான், 'துவக்கோட கண்டன், உங்கட மருமகன் ஆமிக்காரனோ' எண்டு. சாம்பார் தொண்டைக்குள்ள இறங்கேல்லை. ரெண்டாந்தரம் வாங்கவுமில்லை."

பின்னால் அவர் மனைவி தெய்வநாயகி, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லைசென்ஸ் இருக்கு அங்கிள். வகுப்புக்குப் போய், சோதினை எழுதித்தான்..."

"நாங்கள் ஊரைவிட்டு ஓடி வந்ததே உந்தச் சாமானுக்குப் பயந்துதான். நீ அதை இஞ்ச கடையில வாங்கி வைச்சிருக்கிறாய்!"

வரமாட்டேன் என்றவர் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, மேசைக்கு மேல் குனிந்தும் விட்டார்.

"உது படபடவெண்டு சுடுமோ?"

"இல்லை அங்கிள். ஒருக்கா விசையை இழுத்தா ஒரு வெடிதான். அடுத்த ரவை தானா ஏறி நிக்கும். ஆனா திரும்ப இழுத்தாத்தான் வெடிக்கும். கடதாசியும் தகர டப்பாவும்தான் சுடுறது."

"டப்பா உனக்கு என்ன செய்தது? சரி, உது என்ன?"

"கன்னம் வைக்கிற மெத்தை."

"உது?"

"தோளில உதைக்காமல் இருக்க றப்பர். மரப்பிடி பாரம் எண்டு கழற்றிப்போட்டு இந்தப் பிளாஸ்ரிக் பிடி போட்டனான். விசையையும் கொஞ்சம் இளக்கியிருக்கு."

"கன்னத்துக்கு மெத்தை, தோளுக்குத் தலையணை! சுடப்போறியோ, படுக்கப்போறியோ?"

ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். உடனே விரலைச் சட்டையில் துடைத்தார்.

"இண்டைக்கே வித்துப்போடு. வித்தா கலியாணம். இல்லாட்டி கலியாண மண்டபக்காரனுக்கு இப்பவே போன் அடிச்சு வேண்டாமெண்டு சொல்லுவன்."

சிவரூபன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குறை நினைக்காதேங்கோ அங்கிள். விக்கேலாது."

கந்தப்போடி மேசையை விட்டு நிமிர்ந்தார்.

"என்ர மகளைவிட உனக்கு உந்த இரும்பு பெரிசோ?"

"சுலக்சனாவை விடவும் ஏலாது. ஆனா இதை விக்கமாட்டன் எண்டு ஒராளுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

அவன் கழற்றிய துண்டொன்றை எடுத்துத் துவாயால் துடைத்தான்.

"பாத்தியே தெய்வநாயகி, திமிரை! இஞ்ச பார், துவக்கைக் கண்டே நீ பையை இறுக்கிப் பிடிக்கிறாய். நட, போவம்." கந்தப்போடி போனை எடுத்து மண்டபத்து நம்பரை அழுத்தினார்.

"அதை வையுங்கோ," என்றார் தெய்வநாயகி.

"என்ன?"

"தம்பி வாக்குக் குடுத்தது எனக்கு. துவக்கை வாங்கினது அவர். சுடுறது நான்."

கந்தப்போடி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார்.

"விக்டோரியா டே கொண்டாட்டத்துக்கு வாணவெடி விடேக்க நீங்கள் பார்க்கில போய் நிண்டு கைதட்டுவியள். நான் பாத்ரூமைப் பூட்டி, வெளிச் சத்தம் கேளாமல் காத்தாடியையும் போட்டு, காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருப்பன். உங்களுக்கு அது தெரியாது. போன வருசம் சுலக்சனாவைக் கொண்டுவந்து விட வந்த தம்பிதான் கதவைத் தட்டி, 'என்ன அன்ரி' எண்டு கேட்டது."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, 'இது கனடா, பயப்பிடாதை' எண்டுபோட்டுப் போயிருப்பியள்." தெய்வநாயகி மேசைக்குக் கிட்ட வந்தார். "பயம் போகட்டும் எண்டு தம்பி என்னைச் சுடப் பழகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போன முதல் நாள், பக்கத்தில ஒருத்தன் சுட்ட சத்தத்துக்குக் கதிரைக்குக் கீழ போய் ஒளிச்சிட்டன். தம்பி என்னை எழுப்பி, 'ஒருக்கா நீங்களே இழுத்துப் பாருங்கோ அன்ரி' எண்டார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தன். தோளில ஒரு சின்னத் தட்டு, கருகின மணம், அவ்வளவுதான். சீவியத்தில முதல் தரமா அந்தச் சத்தத்தை நான்தான் வரச் சொன்னனான். 'இன்னும் ரவை கிடக்கோ?' எண்டு கேட்டன்."

தெய்வநாயகி துவக்கின் மேல் கையை வைத்தார்.

"அங்க வாடகைக்குத் தாற துவக்கு எனக்குப் பாரம், நீளம். அதுதான் தம்பி இதை என்ர அளவுக்குச் செய்து தாறார். இந்த வருசம் வாணம் விடேக்க நான் பல்கனியில நிண்டு பாத்தனான். நீங்கள் கவனிக்கேல்லை."

கந்தப்போடியின் கையிலிருந்த போன், "ஹலோ? ஹலோ?" என்றது. மண்டபக்காரர்.

"ஒண்டுமில்லை அண்ணை. எத்தினை கார் நிப்பாட்டலாம் எண்டு கேக்கத்தான்," என்று வைத்துவிட்டு, மூலையில் கிடந்த பனிக்காலக் கார் ரயர் ஒன்றின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த நாளில போறனீ?"

"வியாழக்கிழமையில."

"வியாழக்கிழமை யோகா எண்டெல்லோ சொன்னனீ!"

"மூச்சை அடக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிக்கிறதுதானே," என்றார் தெய்வநாயகி. "வேணுமெண்டா நீங்களும் வாங்கோ. உங்கட கோபத்துக்கும் நல்லது."