இருட்டுக்கு ஏற்பாடு

மைக்கைப் பிடிப்பதற்கு முன் தலைவர் ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். இருட்டு போதவில்லை.

அப்படியே திரும்பி உதவியாளரைப் பார்த்தார். 

இருட்டு உதவியாளரின் பொறுப்பு. மேடை, நாற்காலி, கூட்டம், டிவிக்காரர்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். தெருவிளக்கு இல்லாத சாலையில் மக்கள் பாதுகாப்புக்கான மாபெரும் போராட்டம் என்று பேனர் அடித்தாகிவிட்டது. இருட்டு இல்லாமல் அதை எப்படி நடத்துவது?

வினை நேற்றுதான் வந்தது. வருஷக்கணக்கில் அசையாத நகராட்சி, போராட்டம் என்று காதில் விழுந்ததும் அலறியடித்துக்கொண்டு ஆள் அனுப்பி, சாலை முழுக்கப் புது விளக்கு மாட்டிவிட்டுப் போய்விட்டது. கோரிக்கையை நிறைவேற்றிவிட்டார்கள். ஒரு எதிர்க்கட்சிக்கு இதைவிடப் பெரிய துரோகத்தை யார் செய்ய முடியும்?

தலைவர் கொதித்துப்போனார். மக்களின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. கூட்டம் முடியும்வரை அந்த விளக்குகள் எரியக் கூடாது என்று சொல்லிவிட்டார். எரிந்தால் வார்டு சீட்டை மறந்துவிடு என்றும் சொன்னார்.

அந்த சீட்டுக்காகத்தான் உதவியாளர் இத்தனை காலம் குடை பிடித்தார், கார் கதவைத் திறந்தார், சிரிப்பே வராத ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார். சீட்டுக்காகத்தான் பேனரில் போடச் சொந்த மனைவியின் படத்தையும் கொடுத்தார்.

ஆமாம், மனைவிதான். போன மழையில் கடை முடிந்து இந்த வழியாக வரும்போது, இருட்டில் சாக்கடையில் விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கையோடு பேனரின் மூலையில் நிற்கிறாள். கும்பிட்டபடி நிற்கும் தலைவரின் கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கிறாள்.

இன்றும் கடை முடிந்து இதே வழியாகத்தான் வருவாள். அது அவருக்கு நினைவில்லாமல் இல்லை. ஒரு நாள்தானே, பார்த்து வர மாட்டாளா என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் விளக்கை அணைப்பதும் லேசான காரியமாக இல்லை. சுவிட்ச் பெட்டியை நகராட்சி பூட்டி வைத்திருந்தது. முதல் கம்பத்தின் உச்சியில் குமிழ் மாதிரி ஒரு கண் இருக்கிறதாம். அது பார்த்துத்தான் அந்தி நேரத்தில் சாலை முழுக்க விளக்கைப் போடுமாம். காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது இதைச் சொல்லிப் புலம்பித் தள்ளினார்.

மனைவி இடது கையால் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இதுக்கா தலையைப் பிச்சுக்கிறீங்க? அது கண்ணுதானே. துணியைப் போட்டு இறுக்கிக் கட்டிடுங்க.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைக் கட்டிவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் எதைப் பார்த்து விளக்கைப் போடும்? ஊரில் இல்லாத மூளை தன் வீட்டில் இருக்கிறது என்று பூரித்துப்போனார். கம்பத்தில் ஏறுவதற்குத் தன் தம்பியையும் அவளே அனுப்பிவைத்தாள்.

அந்த மச்சான் சற்று முன்புதான் ஏணி வைத்து ஏறினான். துணிக்கு எங்கே போவது? கட்சிக் கொடியைத்தான் எடுத்தான். இரண்டாக மடித்துச் சுற்றி, முடிச்சு மேல் முடிச்சு போட்டுவிட்டு இறங்கினான்.

எல்லாம் ஆகிவிட்டது என்று உதவியாளர் சைகை காட்டினார். தலைவர் நிம்மதியாகத் தொண்டையைச் செருமினார். பேனரில் இருக்கும் சகோதரியைக் காட்டி ஒரு நிமிஷம் கண்கலங்கினார். பிறகு இந்தச் சாலையில் ஒரு விளக்காவது எரிகிறதா என்று தொண்டை கிழியக் கேட்டார்.

எரிந்தது.

முதலில் ஒன்று, அடுத்து அதற்குப் பக்கத்தில் ஒன்று, அப்புறம் சாலையின் கடைசி வரைக்கும். சூரியன்கூட இன்னும் முழுசாக இறங்கவில்லை.

கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கி விளக்குகளைப் பார்த்தது.  தலைவர் மட்டும் ஒரு மூச்சு நேரம்தான் திருதிருவென விழித்தார்.

“பார்த்தீங்களா? நான் வாயைத் திறந்தேன், விளக்கு எரியுது!”

கைதட்டல் காதைப் பிளந்தது. தலைவரின் பார்வை கம்பத்தின் உச்சிக்குப் போனது. விளக்குக்கும் மேலே நம் கொடியை ஏற்றிய சிங்கம் யார் என்று கேட்டார். மச்சான் கையைத் தூக்கினான்.

அவனை மேடைக்கு அழைத்துத் தோளில் கை போட்டுக்கொண்டார். இந்த வார்டுக்கு இப்படி ஒரு இளைஞன்தான் வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். அந்தக் கொடியை எவனாவது கழற்றினால் அடுத்த போராட்டம் அதற்குத்தான் என்றும் எச்சரித்தார். ஆக, விளக்கு இனிமேல் பகலிலும் எரியும்.

உதவியாளர் பேனரின் கீழே உட்கார்ந்துவிட்டார். குடை பிடித்த கை இப்போதுதான் வலித்தது.

தூரத்தில் மனைவி வந்துகொண்டிருந்தாள். சாக்கடை ஓரமாகவே, தரையைப் பார்க்காமல், நிமிர்ந்து நடந்து வந்தாள். மேடையில் தம்பியைப் பார்த்ததும் கைதட்டப் பார்த்தாள். வலது கை இன்னும் சரியாக ஒத்துழைக்கவில்லை. சிரித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் வேலை பார்ப்பது மின்சாமான் கடையில். அவருக்குத் தெரியாத விஷயமில்லை, நினைத்துப் பார்க்காத விஷயம்.

அந்தக் கண்ணை அட்டைப்பெட்டியில் போட்டு அங்கேதான் விற்கிறார்கள். வாங்க வருகிறவர்களுக்குப் பட்டப்பகலில் விளக்கை எரியவைத்துக் காட்டுவது அவள் வேலை. அதற்கு அவள் செய்வதெல்லாம், அந்தக் கண்ணை உள்ளங்கையால் பொத்துவதுதான்.