ஃபிரிட்ஜ் இல்லாத வீடு

மூன்றே கால் மணி பஸ்ஸில் வந்திறங்கிய நண்பன், மண்வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சமையலறையில் ஃபிரிட்ஜைக் கண்டு அப்படியே நின்றான்.

“ஃபிரிட்ஜே வேண்டாம்னு ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுத்தியேடா. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?”

வீட்டுக்காரன் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான்.

“இருக்கட்டும். பஸ் ஸ்டாப்புலேர்ந்து நாலு மைல் நடந்தவனுக்கு ஜில்லுன்னு தண்ணி கிடைச்சா சரி.” நண்பன் தானே கதவைத் திறந்தான். உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு பாட்டில்கூட இல்லை.

“காலிப் பெட்டிக்கு எதுக்குடா கரண்ட்?”

மனைவிதான் சொன்னாள். “இவர் தம்பி இன்சுலின் போட்டுக்கிட்டிருந்தார். ஈரமணல் பானையில வச்சா மருந்து கெடாதுன்னார் இவர். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தம்பியும் வச்சுக்கிட்டார். புழுக்கமான மாசத்துல பானை குளிராதுன்னு யாருக்கும் தோணலை.”

நண்பனின் குரல் இறங்கியது. “அப்புறமாத்தான் இதை வாங்கினீங்களா?”

“தம்பி இறந்த மறுநாளே இவர் போய் வாங்கிட்டு வந்தார்.”

வீட்டுக்காரன் எழுந்து வந்து, நண்பன் திறந்துவிட்ட கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

“ஒரு வருஷம் ஆச்சுங்க,” என்றாள் மனைவி. “இன்னிக்காவது நிறுத்திடட்டுமா?”