சமாதான விருந்து

பிளேஸ்டோவில் இருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையில் குழம்பின் ஆவி விளக்கைச் சுற்றிச் சுழல்கிறது. ஜேர்மனியிலிருந்து வந்திருக்கும் குடும்ப நண்பர் கிருஷ்ணராசா சட்டைக் கையை மடித்துவிட்டுச் சோற்றைப் பிசைகிறார். எதிரே, மாலை வகுப்பிலிருந்து அப்போதுதான் வந்த அபிதாரணி, தியோடரிக் என்ற பழைய அரசனைப் பற்றிச் சொல்கிறாள். கிருஷ்ணராசா இடைமறிக்கிறார்: “அவனைத் தெரியும் பிள்ளை. ஜேர்மன் கதையளிலை அவன் வீரன். நாடிழந்து அலைஞ்ச நல்லவன்.” “கதையிலை அப்பிடித்தான் மாமா. உண்மையிலை எதிரி ராசாவைச் சமாதான விருந்துக்குக் கூப்பிட்டு, தன்ரை கையாலையே வெட்டினவனாம். நான் சரியா விளங்கிக்கொண்டனோ தெரியேல்லை.” அம்மா யோகேஸ்வரி அகப்பையோடு சமையலறை வாசலில் நிற்கிறாள். ஊரில் ஆயுத இயக்கமொன்றில் இருந்த அவளுடைய அண்ணன், எதிர் இயக்கத்துக்காரர் சமாதானம் பேசக் கூப்பிட, ஒருநாள் போனவர்; திரும்பவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

“சாப்பிடேக்கைதானே வெட்ட லேசு,” என்று கிருஷ்ணராசா சிரித்தபடி அப்பளத்தை நொறுக்குகிறார். “கை சோத்துக்கை கிடக்கும். அண்டைக்கு யோகேஸின்ரை அண்ணரும் எழும்பவே இல்லை…”

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றுவிடுகிறது. வாய் மட்டும் மூட மறந்து திறந்திருக்கிறது. வெளியே போகும் பஸ்ஸின் வெளிச்சம் திரைச்சீலையில் ஏறிச் சுவரில் வழிந்து மறைகிறது. குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது. அபிதாரணிக்கு அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அகப்பையிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் சத்தம் கேட்கிறது.

“ராசா அண்ணை,” அம்மாவின் குரல் உயரவில்லை. “அண்டைக்கு என்ரை அண்ணைக்கு என்ன கறி வைச்சனீங்கள்?”