தண்ணீர் உள்ள வீடு

“வெறும் ஐநூறுதானுங்களா? எங்க தொட்டியில நாலு லட்சம் புடிக்குமுங்க!”

பிச்சைமணி மீசையை நீவிக்கொண்டார். அமெரிக்காவில் இருக்கும் மகன் கௌசிக்குக்காகக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தவர்.

பெண்ணின் அப்பா செங்கோட்டையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபாலபுரம் பக்கம் ஜாதகத்துக்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். தண்ணீரில்லாத வீடு என்று பேர் வந்துவிட்டால் மகள் மௌனிகாவின் சம்பந்தமும் போச்சு, குடும்ப கௌரவமும் போச்சு.

“நாலு லட்சம் என்னங்க?”

“குவார்ட்டுங்க. அமெரிக்கா அளவு. பையன் அங்கிருந்தே கணக்குப் போட்டுச் சொன்னான்.”

“எங்க குட்டை ஐநூறு கன மீட்டருங்க.”

“எந்த மீட்டரா இருந்தா என்னங்க, ஐநூறு ஐநூறுதானுங்களே!”

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளேயிருந்து மௌனிகா குரல் கொடுத்தாள். “குவார்ட்டுன்னா லிட்டரை விடக் கம்மிங்கப்பா. ஒரு கன மீட்டருக்கு ஆயிரத்து அம்பத்தேழு குவார்ட்டு. நம்ம குட்டை அஞ்சே கால் லட்சத்துக்கு மேல வருது.”

சிரிப்பு நின்றது. செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கேட்டீங்களா? உங்க தொட்டியத் தூக்கி எங்க குட்டைக்குள்ள வெச்சாலும், சுத்தி எருமை நீந்துமுங்க!”

அவர் மனைவி கமலாத்தாள் சின்னச் சின்ன டம்ளர்களில் காபி கொண்டுவந்தாள். பிச்சைமணி ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

“அப்ப அந்தக் குட்டைய ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாமுங்களா?”

“இப்ப ராகு காலமுங்களே!” என்றார் செங்கோட்டையன் அவசரமாக. “அதுக்கென்னங்க, நாளைக்கு நாங்க உங்க தொட்டியப் பாக்க வர்றோம். அப்பறமா எங்க குட்டையையும் காட்டறமுங்க.”

“நாளைக்குங்களா?” பிச்சைமணி மறுபடி உட்கார்ந்தார். “நாளைக்குத் தொட்டி கழுவறமுங்க. தண்ணியப் பாத்தா சம்பந்தம் பண்றது? மனுசரப் பாத்தாப் போதாதுங்களா?”

“அதானுங்களே!”

இருவரும் முகம் மலர்ந்து வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார்கள்.

வாசலில் ஹாரன் அலறியது. தண்ணீர் லாரி. குழாயைத் தோளில் இழுத்துக்கொண்டு டிரைவர் பாண்டி நேரே உள்ளே வந்தான்.

“ஏனுங்க, குட்டை இன்னும் காஞ்சேதான் கெடக்குதுங்களா? வழக்கம்போலச் சமையக்கட்டுத் தொட்டிக்கே உட்டுரட்டுங்களா?”

செங்கோட்டையன் தட்டை வைத்துவிட்டு அவனைத் தடுக்க எழுந்தார். அதற்குள் பாண்டியின் கண் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டது.

“அட, பிச்சைமணி அண்ணன்! நீங்க இங்கியா இருக்கீங்க? உங்க ஊடு பூட்டிக் கெடந்துச்சுன்னுதானுங்க உங்க லோடை இங்க கொண்டாந்தேன்!”